ஆட்டம் முடிந்த பிறகு

லோயிக் வீட்டுக்கு வந்த அன்று சாறு ஓடவில்லை. இரவு உறைந்து பகலில் இளகினால்தான் மேப்பிள் மரம் கொடுக்கும். அந்த வாரம் பகலும் உறைந்தே கிடந்தது. மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய குழாய்கள் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு, காற்றடித்தால் மட்டும் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

நான் சாப்பாட்டுக் கூடத்தின் அடுக்களையில் பீட்ரூட் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வரிசைச் சாலையில் ரொத்ரிக் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. மாடுகளை விற்ற பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் அவர்களிடம் சமையல் வேலைக்குப் போகிறேன். கீலேன் ரொத்ரிக் மேப்பிள் பாகு காய்ச்சுகிறவர். பனி உருகும் காலத்தில் சனி ஞாயிறுகளில் கூடத்தைத் திறந்துவைத்து, வருகிறவர்களுக்குப் பட்டாணி சூப்பும் பன்றித்தொடையும் பாகில் வேகவைத்த அவரை விதையும் போடுவார்கள். அவருடைய மனைவி நிக்கோல் அடுப்படி, மகள் ஜோசியான் வெளிவேலை, நான் கூடமாட ஒத்தாசை. மகன் லோயிக் மாநகர் அணியில் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். அவன் படம் போட்ட காப்பிக் கோப்பைகூட ஊரில் விற்றது.

பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவன் தொப்பியைக் கழற்றவில்லை.

"என்னடா, இன்னிக்கு ராத்திரி ஆட்டம் இல்லையா?" என்றேன்.

"அவங்களுக்கு இருக்கு அத்தை. எனக்கு இல்ல."

நிக்கோல் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவனைப் பார்த்தாள். ஒரு தட்டில் இரண்டு முட்டையும் பொரித்த கொழுப்புத் துண்டுகளும் வைத்து அவன் முன்னால் தள்ளினாள். முட்டையைத் தின்றான். கொழுப்பைத் தொடவில்லை. சின்ன வயசிலிருந்து அவன் முதலில் எடுப்பது அதைத்தான்.

முந்தின ராத்திரி நடந்ததை ஊர் முழுவதும் பார்த்திருந்தது. எதிரணிக்காரன் நடுக்கோட்டிலிருந்து சும்மா தள்ளிவிட்ட ரப்பர் வட்டு, லோயிக்கின் காலுக்கு நடுவே புகுந்து உள்ளே போய்விட்டது. குழந்தைகூடப் பிடித்துவிடும். அதோடு ஆட்டமும் போயிற்று. தோற்றாலும் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரன் உடைமாற்றும் அறையில் நின்று பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கதவைத் திறந்தபோது லோயிக்கின் இடம் காலியாக இருந்தது. கால்கவசம் மட்டும் கிடந்தது.

அணியிலிருந்து ஒரு வரி சொன்னார்கள்: சொந்தக் காரணங்களுக்காக விடுப்பு.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ரேடியோக்காரர்கள் வாரம் முழுக்க ஓட்டினார்கள். குடி என்றார் ஒருவர். சூதாட்டம் என்று இன்னொருவர், தனக்கு ஆள் சொன்னதாக. சமையலறை ரேடியோவை நிக்கோல் பிடுங்கி மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். கீலேன் வண்டியில் உட்கார்ந்து கேட்டார்.

வெள்ளிக்கிழமை காற்று திரும்பியது. கூரை ஓரத்தில் சொட்டத் தொடங்கியதும் கீலேன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். மத்தியானத்துக்குள் தொட்டி அரை நிறைந்துவிட்டது. லோயிக்கிடம் யாரும் சொல்லவில்லை, அவனாகவே போய் அடுப்பை மூட்டினான்.

காய்ச்சும் கொட்டகை கூடத்துக்குப் பின்னால், மரங்களின் ஓரத்தில் இருக்கிறது. நீளமான இரும்பு அடுப்பு, அதன்மேல் அகலத் தகரக் கொப்பரைகள் இரண்டு. சாறு பின் கொப்பரையில் இறங்கிக் கொதித்துக் கொதித்து முன் கொப்பரைக்கு வரும்போது பாகாகும். உள்ளே இறங்கும் சாற்றின் அளவை ஒரு மிதவை பார்த்துக்கொள்ளும். மிதவையை ஒரு மனிதன் பார்த்துக்கொள்ள வேண்டும். கொப்பரையில் விரல் உயரத்துக்குத்தான் சாறு நிற்கும். கண்ணை எடுத்தால் போச்சு. லோயிக் அங்கே நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கூடத்துக்கு வருகிறவர்கள் கொட்டகைக்குள் வரக்கூடாதென்று ஜோசியான் சங்கிலி போட்டிருந்தாள்.

சனிக்கிழமை அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஆவி கூரைத் திறப்பு வழியாகத் தூண் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவன் சட்டைக்கை மடித்து, நுரையை வழித்துக்கொண்டிருந்தான். முகத்தில் பழைய நிறம் திரும்பியிருந்தது.

"ஆடறப்போ பயமா இருக்குமாடா?" என்று கேட்டேன். எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை.

"ஆட்டத்துல என்ன பயம் அத்தை? வட்டு மூஞ்சிக்கு நேரா வரும். அதுக்கெல்லாம் பயமே இல்ல." நுரைக்கரண்டியை உதறினான். "முடிஞ்சதும் கதவத் தொறந்து விடுவாங்க. வேர்வைகூட காஞ்சிருக்காது. முப்பது பேரு, முப்பது மைக்கு. 'அந்தக் கோல்ல என்ன ஆச்சு?' ஒருத்தரு கேப்பாரு, சொல்வேன். பின்னாலேந்து இன்னொருத்தரு அதையே வேற மாதிரி கேப்பாரு. நல்லவங்கதான். அவங்களுக்கும் அது பொழப்பு."

"அப்ப ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சொல்லிட்டுத்தான் இருந்தேன். நவம்பர்லேந்து ஒண்ணு பிடிச்சுக்கிச்சு." குரலைத் தாழ்த்தினான், கொப்பரைக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கறப்பவே பதில் தேட ஆரம்பிச்சுட்டேன் அத்தை. ஒருத்தன் வட்டோட வர்றான். நான் அவன் மட்டையப் பாக்கணும். பாக்காம, 'இது உள்ள போச்சுன்னா என்ன சொல்றது'ன்னு யோசிக்கிறேன். வார்த்தை கெடைக்கறதுக்குள்ள வட்டு உள்ள இருக்கு. அன்னிக்கு நடுக்கோட்டுலேந்து வந்துதே, அதை நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மெதுவா வந்துது. அதனாலதான் நெறைய யோசிச்சுட்டேன்."

"இதையே அவங்ககிட்ட சொல்லிடேன்."

சிரித்தான். வந்த பிறகு முதல் சிரிப்பு. "சொன்னா மறுநாள்லேந்து அதையே கேப்பாங்க. 'இன்னிக்கும் யோசிச்சீங்களா?'"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கதவத் தொறக்கறதுக்கு முன்னால தெனமும் வாந்தி எடுக்கிறேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

நிக்கோலுக்கு அது தெரியும். வந்த ராத்திரியே குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

கீலேனைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு வேலை என்றால் வேலை. அண்ணன் செத்துப்போன செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கடைசி மேஜைக்கும் சிரித்துக்கொண்டே பரிமாறிவிட்டு, நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் அழுதார். அப்படிப்பட்ட மனுஷரிடம் அந்த சனிக்கிழமை வந்தவர்கள் சூப் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, "பையன் நல்லாருக்கானா?" என்று கேட்டார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும், "சூதுன்னு சொல்றாங்களே, அப்படியெல்லாம் இருக்காதில்ல?" என்றாள். கீலேன் கையிலிருந்த தட்டுகளை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

அன்று சாயங்காலம் அணியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அந்த வாரத்தில் மூன்றாவது தடவை. கீலேன் பேசி முடித்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எங்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் பேசுது. டாக்டரைப் பாக்கட்டும், ஓய்வெடுக்கட்டும்கறாங்க. ஒரே ஒரு தடவ வந்து மைக் முன்னால நின்னு நாலு வார்த்தை சொல்லிட்டா எல்லாம் அடங்கிரும்கறாங்க."

"அவனால முடியலேங்கறதுதானேப்பா விஷயமே?" என்றாள் ஜோசியான்.

"பேசாம இருந்தா ஊரு பேசும்மா."

"பேசினா ஊரு வாய்தான் வலிக்கும். உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? என் பையனைச் சூதாடிங்கறான். போதை ஊசிங்கறான். நான் தட்டக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கறேன்! அவன் வாயத் தொறந்து 'அதெல்லாம் இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சுபோவும்? நாம யாரும் வேலையில ஜனங்க மூஞ்சியப் பாக்கலையா?"

"நீங்க சூப் ஊத்தறீங்கப்பா. உங்க சூப்பு ஏன் உப்பு கரிக்குதுன்னு முப்பது பேரு மைக்க நீட்டறதில்ல."

நிக்கோல் குழாயை மூடினாள். "ரெண்டு பேரும் போதும். அவன் வர்றான்."

லோயிக் விறகுக் கூடையோடு வந்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனான்.

ஞாயிறு காலை வெயில் பளீரென்று அடித்தது. ராத்திரி நல்ல உறைபனி. மரங்கள் அன்றைக்குக் கொடுத்ததைப்போல அந்த வருஷம் எந்த நாளும் கொடுக்கவில்லை. தொட்டி வழிந்தது, ஜோசியான் பால் கேன்களையெல்லாம் இழுத்துப் போட்டாள். கூடத்தில் இரண்டு பந்தி நிறைந்து, மூன்றாவது பந்திக்கு ஆட்கள் வெளியே வெயில் காய்ந்துகொண்டு நின்றார்கள். லோயிக் விடிவதற்கு முன்னாலிருந்தே கொப்பரையில் நின்றான்.

மேஜைக்குப் பாகு தீர்ந்துபோய் நான் கொட்டகைக்குப் போனபோது, சங்கிலியைத் தாண்டி கீலேன் ஒருவரை அழைத்து வந்துகொண்டிருந்தார். ரெழான். பக்கத்து டவுன் ரேடியோவில் இருபது வருஷமாகக் காலைச் செய்தி வாசிப்பவர். கீலேனோடு வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போகிறவர். சட்டைப் பையில் சின்ன மைக் தெரிந்தது.

"லோயிக், இப்படி வாடா. கொப்பரைய நான் பாத்துக்கறேன்" என்றார் கீலேன். "யாரு வந்திருக்காங்க பாரு. நம்ம ரெழான்."

லோயிக் நுரைக்கரண்டியை விடவில்லை. "எதுக்கு வந்திருக்காரு?"

"சும்மாதான். பட்டணத்து ஆளா அவரு? உன்னைத் தூக்கி வளத்தவரு. ரெண்டு வார்த்தை. நம்ம வாயால நாமே சொல்லிட்டா மத்தவன் வாய் அடைஞ்சுபோயிரும்."

"உனக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம் தம்பி" என்றார் ரெழான். உண்மையாகத்தான் சொன்னார்.

லோயிக் அப்பாவைப் பார்த்தான். அவர் முகத்தில் அப்படி ஒரு கெஞ்சல். இவன் கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்தான்.

முதலில் ரெழான் சாறு எப்படி என்று கேட்டார். நல்ல ஓட்டம் என்றான். பாகு நிறம் எப்படி என்றார். வெளுப்பாக, நல்ல பதமாக வருகிறது என்றான். குரல் சரியாகத்தான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. நான் ஜாடியில் பாகு பிடித்துக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன்.

"அன்னிக்கு ராத்திரி என்ன ஆச்சு லோயிக்?"

மெதுவாகத்தான் கேட்டார். நோயாளியிடம் கேட்பதுபோல. லோயிக் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. மறுபடி திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கையாலும் விறகுக்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். மூச்சு மட்டும் உள்ளே போனது, வெளியே வரவில்லை.

"சொல்லுடா" என்றார் கீலேன், கொப்பரைப் பக்கத்திலிருந்து. "ஒண்ணுமில்லேன்னு சொல்லிரு. சொல்லேன்டா!"

அவர் கரண்டி கையில் அந்தரத்தில் நின்றது. கண் முழுவதும் பையன் வாயில்.

முதலில் எனக்கு மணம்தான் மாறியது. இனிப்பு திடீரென்று கசந்தது. திரும்பினால் ஆவி வெள்ளையாக இல்லை. முன் கொப்பரையின் ஓரத்தில் மஞ்சளாக எழும்பி, பிறகு கறுத்தது. மிதவை சிக்கிக்கொண்டு சாறு இறங்குவது எப்போதோ நின்றிருக்கிறது. "கீலேன்!" என்று நான் கத்தினேன். அவர் கொப்பரையைப் பார்த்தபடி மரமாக நின்றார்.

லோயிக் பாய்ந்தான். உட்கார்ந்திருந்தவன் எப்போது எழுந்தான் என்று நான் பார்க்கவில்லை. ரெழானைத் தாண்டி, கதவோரத்து மண்வெட்டியை எடுத்து, வெளியிலிருந்து பனியை வாரிக் கொப்பரையில் கொட்டினான். "அத்தை, சாறு! வாளியோட ஊத்துங்க! அக்கா, தீய வெளிய இழு!" ஜோசியான் எங்கிருந்தோ ஓடி வந்து அடுப்புக் கதவைத் திறந்து கொள்ளிகளை இழுத்துப் பனியில் போட்டாள். ரெழான் மைக்கைத் தூக்கி எறிந்துவிட்டு வாளி பிடித்தார். ஆனால் தகரம் பழுத்துவிட்டிருந்தது. குளிர்ந்த சாறு பட்டதும் படாரென்று நெளிந்து, ஈயப் பற்று வாய் பிளந்தது. பாகெல்லாம் நெருப்புக்குள் கொட்டி, தீ கொப்பரைக்கு மேலே எழுந்தது. லோயிக் வெறும் கையால் கொப்பரையின் பிடியை இழுத்து ஒருபக்கம் சாய்த்தான்.

தீ அடங்கியபோது எல்லார் முகமும் கரி. லோயிக்கின் முழங்கைவரை சிவந்து கொப்புளித்திருந்தது. அவன் மூச்சு சீராக இருந்தது. வெளியே சங்கிலிக்கு அப்பால் மூன்றாவது பந்திக்கு நின்றவர்கள் அத்தனைபேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரெழான் மைக்கைப் பனியிலிருந்து பொறுக்கினார். "இதுல எதையும் நான் போடமாட்டேன் கீலேன்" என்றார்.

ரெழான் வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் புகையை ஊரே பார்த்ததே. திங்கட்கிழமை சாறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டியோடு கீழே இழுத்துப்போய், ஐந்தாம் வரிசைச் சாலையில் ஒருவர் கொட்டகையில் பங்குக்குக் காய்ச்சினார்கள். புதுக் கொப்பரை செய்யத் தகரக்காரரிடமும், மிதவைக்கு இரும்புக் கடைக்கும், குழாய்க்குக் கூட்டுறவுக் கடைக்கும் கீலேன் அலைய வேண்டியிருந்தது. போன இடத்திலெல்லாம் அதே கேள்வி.

"என்ன ஆச்சு கீலேன்?"

"மிதவை சிக்கிருச்சு."

அதோடு விட்டால் பரவாயில்லை. "பக்கத்துல யாருமில்லையா?" என்பார்கள் அடுத்து. அதற்குள் கீலேன் வண்டிச் சாவியை எடுத்துவிடுவார். கோயில் வாசலில் ஒருவர், பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவர். பாதிரியார்கூடக் கேட்டார். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. புதன்கிழமை நான் கூட்டுறவுக் கடைக்கு ஈஸ்ட் வாங்கப் போனபோது அவர் வண்டி வெளியே நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவர். நான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன்.

"உள்ள யாரு யாரு இருக்காங்க கார்மெல்?" என்று கேட்டார்.

சொன்னேன். கேட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பிப் போய்விட்டார். வியாழக்கிழமையிலிருந்து கடைக்கு ஜோசியான்தான் போனாள்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி திரும்பியிருந்தது. கொப்பரையில் நின்றவன் லோயிக் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது தப்பென்று கீலேன் சொல்லவில்லை. லோயிக்கும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மரவாடிக்காரர் தெனி குடும்பத்தோடு சாப்பிட வந்தார். சத்தக்காரர். மனசில் ஒன்றும் கிடையாது, வாயில்தான் எல்லாம். கீலேன் சூப் அண்டாவோடு அவர் மேஜைக்குப் போனபோது கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ஏன் கீலேன், உன் பையன் அதையும் விட்டுட்டானாமே! அதுவும் நடுக்கோட்டுலேந்து வந்துதா?"

நாலைந்து மேஜைகள் சிரித்தன. நான் அடுக்களை வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் விறகோடு லோயிக். கையில் கட்டு.

"அவன் இல்ல" என்றார் கீலேன்.

"என்னது?"

"கொப்பரைப் பக்கத்துல நின்னது அவன் இல்ல. நான்."

சிரிப்பு நின்றது. தெனிக்கும் சங்கடம்தான், ஆனால் அந்த வாய் அடுத்ததைக் கேட்காமல் இருக்குமா? "நீயா? உனக்கு எப்படிப்பா அடிப்பிடிக்கும்? நாப்பது வருஷம் காய்ச்சினவன்... என்னதான் ஆச்சு?"

கீலேன் வாயைத் திறந்தார். கூடத்தில் அறுபது எழுபது முகங்கள் அவரையே பார்த்தன. அகப்பை அவர் கையில் சாய்ந்தபடியே நின்றது. சூப் தரையில் சொட்டியது. மறுபடி வாயைத் திறந்தார். பிறகு அண்டாவை மேஜையின் நடுவில் வைத்துவிட்டு, கோட்டுகூட எடுக்காமல் முன்கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

நிக்கோல் அடுப்படியை விட்டுக் கூடத்துக்குள் வருகிறவள் இல்லை. அன்றைக்கு வந்தாள். ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டே தெனியின் முன்னால் நின்றாள்.

"தெனி, உன் மில்லுல ரெண்டு விரல் போச்சே, பதினோரு வருஷமாச்சு. அது எப்படிப் போச்சுன்னு இந்தக் கூடத்துல யாராவது உன்கிட்ட கேட்டிருக்காங்களா?"

தெனி தன் இடது கையை மேஜைக்கு அடியில் இறக்கினார்.

"சூப் ஆறுது. குடி" என்றாள்.

நான் கீலேனின் கோட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கொட்டகைக்குப் பின்னால், நெளிந்துபோன கொப்பரையைச் சாத்தி வைத்திருந்த இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். லோயிக் எனக்கு முந்தி அங்கே போயிருந்தான். அருகில் போக எனக்குக் கால் வரவில்லை.

"வரலடா" என்றார் கீலேன். "உன்னைப் பாத்துக்கிட்டிருந்தேன்னு சொன்னா முடிஞ்சுது. எல்லாரும் என்னை சும்மா விட்டிருப்பாங்க. வாயில வரல."

"தெரியும்ப்பா."

"ஒவ்வொருத்தன் கேக்கறப்பவும் அது மறுபடி அடிப்பிடிக்குது. நாத்தம்கூட வருது."

லோயிக் தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டான்.

கீலேன் கரி படிந்த தகரத்தைத் தடவினார். "நானும் கேட்டிருக்கேன் இல்ல? போன்ல. தோத்தா அந்தக் கோல்ல என்ன ஆச்சுன்னு."

"ஜெயிச்சாலும் கேப்பீங்க. விட்ட கோலப் பத்தி."

"எல்லா ஆட்டத்துக்குமா?"

"எல்லா ஆட்டத்துக்கும்ப்பா. குளிச்சிட்டு வெளிய வந்தா மொதல் போன் உங்களோடதுதான்."

கீலேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கோட்டை அங்கே இருந்த மரக்கிளையில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மரங்கள் மொட்டு விட்டுச் சாறு கசக்கத் தொடங்கிய வாரம் லோயிக் மாநகருக்குப் போனான். ஆடுகிறேன், ஆட்டம் முடிந்த கையோடு பேசமாட்டேன், வாரத்தில் ஆட்டமில்லாத ஒரு நாள் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன் என்று அணியிடம் கேட்டான். எல்லாருக்கும் ஒரே விதி என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் மறுபடி அவனை இறக்கவில்லை. ஒருநாள் அவனே ரேடியோவுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினான்: குடியுமில்லை, சூதுமில்லை, மனசுக்கு முடியவில்லை, வைத்தியம் பார்க்கிறேன். இரண்டு நாள் அதையும் அலசினார்கள். பிறகு வேறொருவன் கிடைத்துவிட்டான்.

கோடை முழுவதும் வாரம் ஒருநாள் தலைநகரத்தில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனான். கீலேன்தான் வண்டி ஓட்டினார். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசமாட்டார்களாம். திரும்பும்போது ஆற்றங்கரைக் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்பார்களாம். ஆகஸ்டில் மாநகர் அணி அவனை மேற்கே கோதுமை விளையும் சமவெளியில் உள்ள அணி ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. அங்கேயும் விதி அதேதான். ஆனால் குளித்து, உடை மாற்றி, அரைமணி கழித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு ஒத்துக்கொள்ள வைக்கவே இரண்டு மாசம் ஆயிற்று.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவனுடைய முதல் ஆட்டம். ரொத்ரிக் வீட்டு முன்னறையில் நாங்கள் நாலுபேரும் பார்த்தோம். நன்றாகத்தான் ஆடினான், கடைசி ஐந்து நிமிஷம்வரை. அப்புறம் ஒரு வட்டு அவன் கையுறையில் பட்டு, மேலே எழும்பி, அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்து உருண்டு போனது. தோற்றார்கள்.

விளம்பரம் முடிந்து, தொலைக்காட்சியில் ஒரு மேஜையும் காலி நாற்காலியும் காட்டினார்கள். பின்னால் நீலத் திரை. மைக்குகளை அடுக்கினார்கள். நிக்கோல் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஓரத்துக் கதவு அசைந்தது.

கீலேன் எழுந்து போய் தொலைக்காட்சியை அணைத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் நிக்கோல். "வர்றானா இல்லையான்னாவது பாக்க வேண்டாமா?"

"ஆட்டம் முடிஞ்சாச்சு" என்றார்.

ஜோசியான் போனைக் கையில் எடுத்தாள். அதில் பார்த்துவிடலாம். எடுத்தவள் அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க எழுந்தாள். வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி, தரையில் விழுந்ததும் கரைகிற பனி, விழுந்துகொண்டிருந்தது. கீலேன் ஜன்னலோரம் நின்றார். அவர் கைபேசி அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு தடவை அதைத் தொட்டார். இரண்டு தடவையும் கையை எடுத்துக்கொண்டார்.

இருட்டத் தொடங்கியபோது அது அடித்தது.

"ம்" என்றார் கீலேன். "ஆமா, இப்பத்தான் விழுது. தரையில நிக்காது... விறகு பாதி பிளந்தாச்சு. உங்கக்கா குறுக்க அடுக்கணும்கறா, நான் நெடுக்க அடுக்கணும்கறேன்... இல்ல, கொப்பரை நல்லாருக்கு, எண்ணெய் பூசிக் கவுத்து வச்சிருக்கேன். நீ சாப்பிட்டியா?"

அதன்பின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். வெகுநேரம் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து லோயிக்கின் குரல் எங்களுக்கு ஒரு ரீங்காரமாகத்தான் வந்தது. நடுவில் நிற்கும், மறுபடி தொடங்கும். ஒருதடவை கீலேன் உதடு பிரிந்தது, ஏதோ கேட்கப் போகிறவர்போல. மூடிக்கொண்டார்.

"சரிடா" என்றார் கடைசியில். "கேட்டுக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். என்ன சொன்னான் என்று நிக்கோல் கேட்கவில்லை. ஜோசியான் கத்தியை நிறுத்தியவள் மறுபடி உரிக்கத் தொடங்கினாள். கீலேன் அலமாரியைத் திறந்து, எனக்கும் சேர்த்து நாலு தட்டு எடுத்து மேஜையில் வைத்தார்.